முட்டைக்கோஸ் உட்கார்ந்த நாற்காலி

கெஸீனா ஓல்ரோகே பொருட்காட்சிகளில் காய் சீவி விற்றுப் பிழைத்தவள். பதின்மூன்று வருஷத்தில் வேலை நேரத்தில் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை என்று சொல்லிக்கொள்வாள். மகன் டாக்டருக்குப் படிக்கிறான் என்று சிலர் சொல்லிக்கொள்வார்களே, அந்தத் தோரணையில்.

ப்ரெமன் துறைமுகத்தில் காப்பிக்கொட்டை மூட்டை இறக்கிய ஒருவரின் மகள். போர் முடிந்தபோது அவளுக்கு முப்பத்து நான்கு வயது. புருஷன் ருஷ்யாவிலிருந்து திரும்பவில்லை. நான்கு வருஷம் இங்கும் அங்கும் அல்லாடிவிட்டு, ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு, அதன்மேல் உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு தோல் சீவும் கத்தி விற்கத் தொடங்கினாள். யாரும் சொல்லித்தரவில்லை. பக்கத்தில் எலிப்பொறி விற்றவன் கத்திக் கத்தித் தொண்டை கட்டி நின்றான். அவனைப் பார்த்து, கத்தக் கூடாது என்று தெரிந்துகொண்டாள். தாழ்ந்த குரலில் பேசினால் ஆட்கள் கிட்டே வருவார்கள். கிட்டே வந்தவனால் வழி அடைபட்டு அவன் பின்னால் இன்னொருவன் நிற்பான். அப்படித்தான் வளையம் சேரும்.

வளையம் சேர்ந்துவிட்டால், சீவிக் காட்டி விற்கும் ஓர் ஆட்டம் பதினோரு நிமிஷம். முதலில் காரட், பிறகு வெள்ளரி, கடைசியில் முட்டைக்கோஸ். பிடியைச் சுற்றச் சுற்ற, கோஸ் சீவியிலிருந்து வெள்ளை வெளேரென்று பொலபொலவென உதிர்ந்து குவியும்போது பெண்கள் ‘அட’ என்பார்கள். அந்த ‘அட’வில் கை பைக்குள் போகும். இடையில் மூன்று விநாடி மௌனம் விழுந்தால் தீர்ந்தது, வளையம் கலைந்துவிடும். அதனால் கூட்டத்தில் எவன் எதைக் கேட்டாலும் பதில் தயாராக இருக்க வேண்டும். “கேள்வி தரையில விழறதுக்குள்ள பதில் வாயிலேருந்து கெளம்பியிருக்கணும். யோசனையெல்லாம் அப்புறம்” என்பாள் கெஸீனா. அவள் நாக்கு அப்படிப் பழகியிருந்தது.

அந்தப் பழக்கம் அவளை என்ன செய்தது என்பதுதான் இந்தக் கதை. ப்ரெமனில் 1962ஆம் வருஷத்து இலையுதிர்காலப் பொருட்காட்சியில் நடந்தது.

அப்போது அவள் வூபெனா என்ற வியாபாரியிடம் வேலை பார்த்தாள். பருத்த, பயந்த சுபாவமுள்ள மனிதர். இரண்டு நடைபாதைகள் சந்திக்கும் மூலைக் கடை அவருடையது. இரண்டு பக்கத்திலிருந்தும் கூட்டம் வரும் இடம். அந்த மூலையை அவருக்குச் சம்பாதித்துக் கொடுத்தது தன் வாய்தான் என்று கெஸீனாவுக்கு நினைப்பு, அவருக்கும்தான். கடைக்குப் பின்பக்கம் ஒரு திரை. திரைக்குப் பின்னால் ஆல்முட் டீட்யென் நிற்பாள். கோஸின் வெளியிலையைக் களைவது, காரட் கழுவுவது, அழுக்கான சீவிகளை அலசி முன்னால் நீட்டுவது எல்லாம் அவள் வேலை. நாற்பத்து நான்கு வயது, அதிகம் பேசாதவள், காலில் நரம்பு முடிச்சு. கணுக்காலிலிருந்து முழங்கால் வரை துணிப்பட்டை சுற்றிக்கொண்டுதான் வருவாள். இரண்டு வருஷத்துக்கு முன் அவளை இந்த வேலையில் சேர்த்துவிட்டதே கெஸீனாதான்.

ஒரு வருஷம் இருவரும் ஒருவரையொருவர் ‘நீங்க’ என்றுதான் அழைத்துக்கொண்டார்கள். ஓல்டன்பர்க் பொருட்காட்சி முடிந்து ரயிலில் திரும்பும்போது கெஸீனா சின்னச் சாராயப் புட்டியைத் திறந்து மூடியில் ஊற்றிக் கொடுத்து, “மூத்தவ நான்தான், நானே சொல்றேன். இனிமே ‘நீ, வா, போ’தான்” என்றாள். ப்ரெமனில் ‘நீ’ என்று அழைக்கும் உரிமை எளிதாகத் தரப்படுவதில்லை. தந்ததை யாரும் திரும்ப வாங்குவதுமில்லை.

பொருட்காட்சி திறக்கும் முந்தின நாள், தொழிலக ஆய்வு அலுவலகத்திலிருந்து ஒவ்வொரு கடைக்கும் ஒரு தாள் வரும். சிமெண்டுத் தரையில் நிற்பவர்களின் காலடியில் மரப்பலகை போட வேண்டும். சாப்பாட்டுக்கு அரை மணி விட வேண்டும். நின்று விற்கும் பெண்களுக்கு உட்கார ஓர் ஆசனம் வேண்டும். கூட்டம் இல்லாத நேரத்தில் உட்காரவிட வேண்டும். அதன்மேல் சாமான் எதுவும் ஏற்றக் கூடாது. வூபெனா தாளை ஆணியில் மாட்டினார். மடக்கு நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டார். ஓல்டன்பர்க்கில் நாற்காலியே இல்லாமல் ஒரு தடவை எச்சரிக்கை வாங்கியிருந்தார்.

“இன்னொரு தடவை ஆச்சுன்னா மூலைக் கடை போயிடும்” என்று முதல் நாளே சொன்னார். “அப்புறம் கழிப்பறைப் பக்கத்துலதான் நம்ம காய் சீவி. புரியுதா?”

“அதான் நாற்காலி இருக்கே ஐயா” என்றாள் கெஸீனா.

இருந்தது. முதல் நாளான சனிக்கிழமை மத்தியானம் கூட்டம் குறைந்த ஒரு சமயத்தில் ஆல்முட் வந்து அதில் உட்காரவும் செய்தாள். அரை நிமிஷம் இருக்கும்.

“எழுந்திரு ஆல்முட்” என்றாள் கெஸீனா, முகத்தில் சிரிப்பு மாறாமல், நடைபாதையைப் பார்த்தபடியே. “உக்காந்திருக்கிறவ கடைக்கு எவளும் வர மாட்டா. சரக்கு போணியாகலேன்னு நெனச்சுப்பா.”

“காலு இழுக்குது.”

“எனக்கு மட்டும் என்ன, மரக்காலா?”

ஆல்முட் எழுந்து திரைக்குப் பின்னால் போனாள். நாற்காலி காலியாக இருந்தது. கெஸீனா அதைக் கல்லாவின் இடது பக்கம் இழுத்து, கோஸ் பெட்டியைத் தூக்கி அதன்மேல் வைத்தாள். பெட்டி தரையில் இருந்தால் ஒவ்வொரு கோஸுக்கும் குனிய வேண்டும். குனிந்தால் முகம் மறையும். முகம் மறைந்தால் பேச்சு அறுபடும். நாற்காலி உயரத்தில் இருந்தாலோ, கண் கூட்டத்தின் மேல் இருக்கும்போதே இடது கை தானாகப் போய் அடுத்த கோஸை எடுத்து வந்துவிடும். கச்சிதமான உயரம். அந்த வாரம் அவள் விற்றதுபோல் அதற்கு முன் விற்றதில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் மூன்று மணி. வெளியே மழை. ஈர மேல்சட்டைகளின் வாசனையோடு நல்ல வளையம் ஒன்று சேர்ந்தது. ஆனால் இறுக்கமாக நின்றார்கள். அப்படிப்பட்ட வளையத்தில் ஒரு கூச்ச சுபாவமுள்ள ஆண்பிள்ளையைப் பிடித்து இழுத்து, அவனை வைத்து மற்றவர்களைச் சிரிக்க வைப்பது தொழில் வழக்கம். மூன்றாவது வரிசையில் ஒல்லியாக ஒருவர் நின்றிருந்தார். சாம்பல் நிறத் தொப்பி, கக்கத்தில் தோல் பை.

“அந்தச் சாம்பல் தொப்பி ஐயா! உங்களத்தான். பின்னாடி திரும்பாதீங்க, பின்னாடி தூணுதான் நிக்குது. வாங்க இப்படி.”

“நானா?” என்றபடி வந்தார்.

“மொகத்தப் பாத்தாலே தெரியுது, ராத்திரிக்கு ரொட்டியும் டப்பா மீனும்தான். வீட்ல காய் நறுக்குறது யாரு?”

“நான்தாங்க.”

“கைய நீட்டுங்க, எண்ணிப் பாப்போம். அடேயப்பா, பத்து விரலும் இருக்கே! அப்போ நீங்க இன்னும் நறுக்கவே ஆரம்பிக்கல.”

வளையம் இளகியது. அவர் கையில் சீவியின் பிடியைக் கொடுத்துச் சுற்றச் சொன்னாள். அவர் ஒழுங்காகச் சுற்றினார். சுற்றியபடியே, “அந்த நாற்காலி யாருக்கும்மா?” என்று கேட்டார்.

“அதுவா? அது முட்டைக்கோஸ் மகாராணியோட சிம்மாசனம். எங்களுக்குக் காலு இருக்கு, நிக்கிறோம். அவளுக்குப் பாவம் தலை மட்டுந்தானே, உக்காந்துதான் ஆகணும்!”

பின்வரிசையில் ஒரு பெண் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

“அப்போ நீங்க எப்போ உக்காருவீங்க?”

“என்னைப் பெட்டியில வெச்சு ஆணி அடிக்கிறப்போ ஒரேயடியா படுத்துக்குவேன் ஐயா. நடுவுல உக்கார்றதெல்லாம் வெட்டிச் செலவு.”

கோஸ் உதிர்ந்தது. ‘அட’ வந்தது. ஒரே ஆட்டத்தில் பதினான்கு சீவி போயிற்று. எல்லோரும் போன பிறகும் அந்த மனிதர் போகவில்லை. தொப்பியைக் கழற்றி, நீர்த்துளிகளை உதறி, உள்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் காட்டினார்.

“காஸெபோம். தொழிலக ஆய்வு அலுவலகம். நல்லா சிரிக்க வெச்சீங்கம்மா. ஆனா நான் பாக்க வந்தது நாற்காலிய.”

கெஸீனாவின் காது மடல்கள் சுட்டன. சிரித்த முகம் சிரித்தபடியே நின்றது, கழற்ற மறந்த தொப்பிபோல.

வூபெனா சரக்கறையிலிருந்து ஓடிவந்தார். ஆய்வாளர் அவசரப்படவில்லை. ஆணியில் மாட்டியிருந்த தாளைப் பார்த்தார். கெஸீனாவின் காலடிப் பலகையைப் பூட்ஸ் நுனியால் தட்டிப் பார்த்தார். திரையை விலக்கி உள்ளே ஒரு நிமிஷம் பார்த்தார். “இங்கயும் ஒரு பலகை போடுங்க” என்றார். பிறகு நாற்காலிக்கு வந்தார்.

“இதுல பெட்டிய வெச்சது யாரு?”

சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் வூபெனாவின் கண்கள் கெஸீனாவின் மேல் இருந்தன. அவர் பேசவில்லை, ஆய்வாளர் பேசவில்லை. ஒன்று, இரண்டு என்று மௌனம் விழத் தொடங்கியது. பதின்மூன்று வருஷமாக மூன்று வரை விட்டறியாத நாக்கு.

“ஆல்முட்தான்” என்றது. “கோஸ் எல்லாம் அவ பொறுப்பு. நான் முன்பக்கம் மட்டுந்தான்.”

சொல்லி முடித்த பிறகுதான், சொன்னது என்ன என்று அவளுக்குத் தெரிந்தது.

திரை விலகியிருந்தது. ஆல்முட் ஈரக் கையோடு நின்றிருந்தாள். “அப்படியாம்மா?” என்று ஆய்வாளர் அவளைக் கேட்டார். அவள் அவரைப் பார்க்கவில்லை. கெஸீனாவைப் பார்த்தாள். மூன்று விநாடிக்கு மேலேயே பார்த்தாள். கெஸீனா ஒரு சீவியை எடுத்துத் துணியால் துடைத்தாள். அது ஏற்கெனவே துடைத்தது.

“ஆமா. நான்தான்.”

ஆய்வாளர் தாளில் எதையோ எழுதினார். பெட்டியை இறக்கச் சொல்லி, ஆல்முட்டை உட்காரச் சொன்னார். அவள் உட்கார்ந்தாள். அவள் காலில் சுற்றியிருந்த பட்டையை அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “சனிக்கிழமை திரும்ப வரேன்” என்று சொல்லிப் போனார்.

அவர் தூணைத் தாண்டும்வரை வூபெனா காத்திருந்தார். “டீட்யென் அம்மா, நாளைலேருந்து நீங்க வரவேண்டாம்” என்றார். “வசந்தப் பொருட்காட்சிக்கும் வேண்டாம். நான் எவ்வளவு சொல்லியும் கோஸத் தூக்கி நாற்காலியில வெச்சா நான் என்ன பண்றது?”

இப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். நான்கு வார்த்தை போதும். கெஸீனா கல்லாவின்மேல் சிதறிக்கிடந்த கோஸ் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். ஆல்முட் வேலைக்குக் கட்டும் மேலாடையை அவிழ்த்து மடித்தாள். கத்தியைக் கழுவி அதன் இடத்தில் வைத்தாள். போகும்போது, “இன்னும் பதினெட்டு கோஸ் உரிச்சு வெச்சிருக்கேன் கெஸீனா. சாயங்காலம் வரைக்கும் போதும்” என்றாள்.

வெள்ளிக்கிழமை வூபெனாவின் மைத்துனி வந்து திரைக்குப் பின்னால் நின்றாள். கோஸின் வெளியிலையோடு உள்ளிலையையும் பிய்த்துப் போட்டாள். நாற்காலி காலியாக இருந்தது. வூபெனா அதற்குப் பூப்போட்ட மெத்தை ஒன்றும் வாங்கிப் போட்டிருந்தார். யாரும் உட்காரவில்லை. கெஸீனா தரையிலிருந்த பெட்டிக்குக் குனிந்து குனிந்து எழுந்தாள். மனசுக்குள் நியாயம் பேசிக்கொண்டேயிருந்தாள். ‘அவளே ஆமான்னு சொன்னாளே. நானா சொல்லச் சொன்னேன்? நான் போயிட்டா இந்தக் கடையே இல்ல, அவளுக்கு மட்டும் வேலை எங்கேருந்து வரும்?’ வளையத்தில் சொல்லியிருந்தால் எல்லோரும் தலையாட்டியிருப்பார்கள். தனக்குத்தானே சொல்லும்போது ஒன்றும் போணியாகவில்லை. மத்தியான ஆட்டத்தில் ஒரு கிழவர், “மழுங்கினா சாணை பிடிக்கலாமா?” என்று கேட்டார். ஆயிரம் தடவை பதில் சொன்ன கேள்வி. கெஸீனா வாயைத் திறந்தாள்; ஒன்றும் வரவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று. வளையம் கலைந்தது.

சனிக்கிழமை மத்தியானம் காஸெபோம் வந்தார். ஆட்டம் தொடங்குவதற்கு ஏழெட்டுப் பேர் கூடி நின்ற சமயம். திரைக்குப் பின்னால் புதுப்பலகையைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். மெத்தையைப் பார்த்து லேசாகச் சிரித்தார்.

“அந்த இன்னொரு அம்மா எங்கே?”

“உடம்பு சரியில்லீங்க” என்றார் வூபெனா. “கால்வலி.”

கெஸீனா காரட்டுகளை வரிசையாக அடுக்கினாள்.

“உக்காருங்கம்மா” என்றார் ஆய்வாளர் அவளிடம். “ஆடுதா, உயரம் சரியான்னு பாக்கணும்.”

உட்கார்ந்தாள். பதின்மூன்று வருஷத்தில் முதல் தடவையாக ஒரு கடைக்குள் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் கூட்டத்துக்கு முகமே இல்லை. மேல்சட்டைப் பித்தான்களும் கைப்பைகளும்தான் தெரிந்தன. இந்தப் பக்கம் திரும்பினால் திரையின் இடுக்கு வழியாக உள்பக்கம் தெரிந்தது. எப்போதும் கூட்டத்தைப் பார்த்தே நின்றவள் அந்த இடத்தைச் சரியாகப் பார்த்ததில்லை. கழுவும் தொட்டி, அதன் கீழே புதுப்பலகை, பலகையின் பக்கத்தில் தள்ளிவிடப்பட்ட ஒரு கோஸ் சாக்கு. நாலாக மடித்த சாக்கு. அதில் இரண்டு செருப்பின் தடம் குழிந்து, ஈரத்தில் கறுத்துக் கிடந்தது. கடையில் இருந்த ஒரே பலகை தன் காலடியில் இருந்ததும், ஆறு நாள் ஆல்முட் சாக்கைப் போட்டுச் சிமெண்டில் நின்றதும் அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

“ஐயா” என்றாள். “பெட்டிய வெச்சது நான்.”

“ஓல்ரோகேம்மா!” என்றார் வூபெனா.

“நான்தான் வெச்சேன். முதல் நாளே வெச்சேன். அவ உக்காந்திருந்தா, எழுப்பிவிட்டுட்டு வெச்சேன். அவளுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல. நான் சொன்ன பொய்க்கு இவரு அவள வேலைய விட்டு அனுப்பிட்டாரு. அவ பேர அடிச்சிட்டு என் பேர எழுதிக்குங்க.”

பித்தான்கள் அசையாமல் நின்றன. அவற்றில் ஒன்று, “சீவி என்ன விலைன்னு சொல்லிட்டுச் சண்டைய வெச்சுக்கக் கூடாதா?” என்றது.

காஸெபோம் தோல் பையைத் திறந்து வியாழக்கிழமைத் தாளை எடுத்தார். அவள் கண்ணுக்கு நேரே பிடித்தார்.

“பேரு எங்க இருக்கு, காட்டுங்க.”

தாளில் கட்டங்கள் இருந்தன. கடை எண், முதலாளி பெயர், பலகை, வெளிச்சம், வெப்பம், இடைவேளை, ஆசனம். ஆசனத்துக்கு எதிரே ‘சாமான் ஏற்றப்பட்டிருந்தது, அகற்றப்பட்டது’ என்று இருந்தது. எச்சரிக்கை என்று ஒன்றும் இல்லை. ஆல்முட்டின் பெயரும் எங்கும் இல்லை.

“யாரு வெச்சாங்கன்னு எழுத எங்க தாள்ல எடமே கெடையாதும்மா. ஆசனம் குடுக்க வேண்டியது முதலாளி. அதுல பெட்டி ஏறாம பாத்துக்க வேண்டியதும் முதலாளி. வேலை பாக்குறவங்கள நாங்க எழுதுறதே இல்ல.”

“அப்புறம் ஏன் கேட்டீங்க?” என்றாள் கெஸீனா.

“நான் பக்கத்துல நின்னு சுத்துனேனே, அப்போ உங்க இடது கை பாக்காமலேயே போய் கோஸ எடுத்துச்சு. அந்த ஒயரம் அந்தக் கைக்கு வேணும். வெச்சவங்க கிட்டயே சொல்லலாமேன்னு கேட்டேன், இதே ஒயரத்துக்கு ஒரு முக்காலி வாங்கிக்குங்கன்னு. அவ்வளவுதான்.”

“வெச்சது நான்னு உங்களுக்கு அப்பவே தெரியும்.”

“தெரியும். அந்தம்மா ‘நான்தான்’னாங்க. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல பூந்து பேச நான் யாரு?” தாளைப் பைக்குள் வைத்தார். “வேலைய விட்டே அனுப்புவாங்கன்னு நெனக்கல. கேட்டிருக்கணும். அது என் தப்பு.” பிறகு வூபெனாவிடம் திரும்பினார். “உடம்பு சரியில்லாத அந்தம்மா விலாசம் குடுங்க. ஒரு நடை போய் விசாரிச்சிட்டு வரேன்.”

வூபெனா கைக்குட்டையால் பிடரியைத் துடைத்தார். “அதெல்லாம் வேண்டாங்க. நாளைக்கு வந்துடுவாங்க. வசந்தத்துக்கும் அவங்கதான். இதோ, இவங்க கிட்டயே சொல்லி அனுப்பறேன்.”

அப்படியானால் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. ‘நான்தான்’ என்று வியாழக்கிழமையே சொல்லியிருந்தால், அவர் முக்காலி பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போயிருப்பார். பயப்பட ஒன்றுமே இல்லாத இடத்தில் அவள் ஆல்முட்டை விற்றிருந்தாள். திருடப் போன வீட்டில் கதவு திறந்தே கிடந்ததுபோல. இதை நினைக்க நினைக்க, பயந்து செய்ததைவிட இதுதான் அவளை அதிகம் குறுகவைத்தது.

ஆறு மணிக்குப் பொருட்காட்சி மூடியதும் டிராம் ஏறி ஆல்முட்டின் வீட்டுக்குப் போனாள். மூன்றாவது மாடி. ஆல்முட் ஈரக் காலோடு வந்து கதவைத் திறந்தாள். சின்னச் சமையலறை, ஆல்முட் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, உப்புநீர்த் தொட்டியில் மறுபடி காலை வைத்துக்கொண்டாள். இன்னொரு நாற்காலியில் துவைத்த துணிக்கூடை இருந்தது. அந்த ஊரில் வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் நாற்காலி, பிறகு காப்பி. ஆல்முட் கூடையை எடுக்கவில்லை. கெஸீனா நின்றாள்.

“நாளைக்கு வரச் சொன்னாரு. வசந்தத்துக்கும் நீதான்.”

“அவராவா சொன்னாரு?”

“அதிகாரி உன் விலாசம் கேட்டாரு. பயந்து போய் சொன்னாரு.”

“நீ என்ன சொன்னே?”

“நான்தான் வெச்சேன்னு சொல்லிட்டேன்.”

“எப்போ?”

“இன்னைக்கு மத்தியானம்.”

“இன்னைக்கு சனிக்கிழமை” என்றாள் ஆல்முட்.

தொட்டியில் காலை அசைத்தாள். தண்ணீர் சத்தம் கேட்டது.

“நான் ஏன் ஆமான்னேன் தெரியுமா? அந்த ஆளுங்க முன்னாடி உன்னப் பொய்க்காரி ஆக்க வேண்டாம்னுதான். அவரு அந்தப் பக்கம் போனதும் நீயே முதலாளிகிட்ட சொல்லிடுவேன்னு நெனச்சேன். மேலாடைய எவ்வளவு மெதுவா மடிச்சேன் பாத்தியா? கத்திய ரெண்டு தடவை கழுவினேன். அப்பவும் நீ கோஸ் துணுக்கப் பொறுக்கிட்டிருந்தே.”

“நாக்கு முந்திக்கிச்சு ஆல்முட்.”

“மொத தடவை நாக்கு. அப்புறம் ரெண்டு நாளு?”

கெஸீனா இரண்டு கையாலும் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிறுமியாக இருந்தபோது, பக்கத்து வீட்டுச் சன்னலை உடைத்துவிட்டு அப்பாவுக்கு முன்னால் நின்றதுபோல நின்றாள். துணிக்கூடையின்மேல் மடித்து வைத்த கால் பட்டைகள் இருந்தன, துவைத்து, இஸ்திரி போட்டு.

“எட்டரைக்கு வந்துடறேன்” என்றாள் ஆல்முட். “சம்பளம் வேணும். வாடகை கட்டணும் பாருங்க. நீங்க கெளம்புங்க, ஓல்ரோகேம்மா. மழை பிடிச்சுக்கும்.”

கெஸீனா படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை கடைசி நாள். முக்காலி வாங்கவில்லை, சனிக்கிழமை மத்தியானமே கடைகளெல்லாம் மூடிவிட்டன. எட்டரைக்கு ஆல்முட் வந்தாள். மேலாடையைக் கட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். ஆனால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால், உரித்த கோஸைப் பெட்டியில் அடுக்கி வைத்துவிட்டு வந்து, பூப்போட்ட மெத்தையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். எல்லோரும் பார்க்க உட்கார்ந்தாள். பெட்டி தரையில் இருந்தது. ஒவ்வொரு கோஸுக்கும் கெஸீனா குனிந்தாள்.

“சீவி வேணும்” என்பாள் கெஸீனா. “இந்தாங்க” என்பாள் ஆல்முட். அன்றைக்கு அவர்கள் பேசியது அவ்வளவுதான்.

மூன்று மணி ஆட்டத்துக்குச் சிவப்புக் கழுத்துத்துணி கட்டிய ஒரு பெண், புருஷனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்வரிசைக்கு வந்தாள். வியாழக்கிழமை கண்ணில் நீர் வரச் சிரித்தவள் அவள்தான்.

“அந்த மகாராணி கதையச் சொல்லுங்கம்மா! இவருகிட்ட மூணு நாளா அதத்தான் சொல்லிட்டிருக்கேன், எனக்கு உங்கள மாதிரி சொல்ல வரல. நாற்காலி யாருக்குன்னு கேட்டாரே ஒருத்தரு, அதுக்கு என்னமோ சொன்னீங்களே!”

வளையம் எதிர்பார்த்து நெருங்கியது. கெஸீனாவின் கையில் பாதி சீவிய வெள்ளரி இருந்தது. ஒன்று. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இரண்டு. நாற்காலி இருந்த பக்கம் திரும்பிப் பார்க்கத் துணிவு வரவில்லை. மூன்று.

“மகாராணி எழுந்து போயிட்டாங்கம்மா” என்றது நாற்காலியிலிருந்து ஒரு குரல். ஆல்முட் கூட்டத்தின் முன் பேசி யாரும் கேட்டதில்லை. “அவங்க எறங்கி வர ரெண்டு நாளாச்சு. இப்போ உக்காந்திருக்கிறது சும்மா கோஸ் உரிக்கிறவதான்.”

வளையம் ஓவென்று சிரித்தது. வியாழக்கிழமையைவிடப் பலமாகச் சிரித்தது. சிவப்புக் கழுத்துத்துணிக்காரி புருஷனின் முதுகில் அடித்தாள்.

கெஸீனா அடுத்த கோஸை எடுக்கக் குனிந்தாள். பெட்டியில் கை வைத்து, தேவையானதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் கீழேயே இருந்தாள். நிமிர்ந்தபோது முகம் நெற்றிவரை சிவந்திருந்தது. வயதான பெண், குனிந்து எழுந்ததில் ரத்தம் ஏறிவிட்டது என்று வளையம் நினைத்துக்கொண்டது.